உடைத்துப் பார்த்த உளி

ஒரு கைப்பிடி. பக்கத்து வீட்டுக் குட்டி கேட்டது அவ்வளவுதான்.

அவளுடைய ஊன்றுகோலின் மரக் கைப்பிடி பிளந்துபோய், ஊன்றும்போதெல்லாம் உள்ளங்கையில் சிராய் ஏறியது. அதனால் பள்ளிக்கும் போகவில்லை. பார்த்தவர் எல்லாரும் ஐயோ பாவம் என்றார்கள். அந்த இரக்கத்தை ஊன்றிக்கொண்டு அவளால் ஓரடி நடக்க முடியுமா?

அவளுடைய தோழி வாயாடிதான் தன் சித்தியிடம் போய் நின்றாள். சித்தி மரம் கடைபவர். சுழலும் கட்டையில் அவர் உளியை வைத்தால் கட்டை வழவழவென்று உருண்டு வரும். ஆனால், அவருடைய உளியோ தேய்ந்து விரலளவு ஆகியிருந்தது. சித்தி பழைய இரும்புக் குவியலைக் கிளறினார். இரும்பை ராவும் பழைய அரம் ஒன்றை எடுத்துச் சாணையில் தீட்டிப் புது உளி செய்துவிட்டார். அது பளபளவென்று மின்னியது.

மின்னி என்ன பயன்? மேசையிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததும், அதன் முனை பலப்பம்போல முறிந்தது.

மறுபடி தீட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுச் சித்தி சாணைப் பக்கம் திரும்பினார். வாயாடிக்கு மனம் ஒப்பவில்லை. சும்மா விழுந்ததற்கே முறிந்த இரும்பு, சுழலும் கட்டையில் மோதினால் என்ன ஆகும்? துண்டு சித்தியின் முகத்துக்குத்தானே பறக்கும்?

ஓடாமல் நின்றிருந்த கடைசல் இயந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றி, மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"பெல்ட்டைக் குடுடி. குட்டி காத்துக்கிட்டு இருக்கா."

"குடுக்கிறேன் சித்தி. முதல்ல அந்த உளியை ஒரு தட்டு தட்டிப் பாருங்க."

"கஷ்டப்பட்டுச் செஞ்சதை நானே உடைக்கணுமா?"

"நீங்க உடைச்சா உளி மட்டும்தான் போகும். அதுவா உடைஞ்சா?"

சித்தி உளியை மேசை இடுக்கியில் இறுக்கினார். முகக் கவசம் அணிந்து, உளியின்மேல் கோணிச் சாக்கைப் போர்த்தினார். வாயாடியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார்.

டக்கென்று ஓர் ஓசை. அரம் இரண்டு துண்டு. ஒரு சில்லு சாக்கைக் கிழித்துக்கொண்டு ஊசிபோல வெளியே நீட்டியிருந்தது. சித்தி அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் கன்னத்தையும் தொட்டுப் பார்த்தார்.

குவியலை மறுபடி கிளறியபோது, பழைய வண்டியின் வில்பட்டைத் துண்டு ஒன்று அகப்பட்டது. மேடு பள்ளமெல்லாம் பாரம் சுமந்து, வளைந்து வளைந்து நிமிர்ந்த எஃகு அது. சாக்கின் அடியில் வைத்துத் தட்டினார். சுத்தியல்தான் துள்ளியது.

அதைத் தீட்டத் தொடங்கினார். முனை சூடேறி நீலம் பாரித்தால் பதம் போய்விடும். அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். அதை நினைவூட்டும் பொறுப்பை ஏற்ற வாயாடி, தள்ளி நின்று மூச்சுக்கு மூச்சு "தண்ணி, தண்ணி" என்றாள்.

"உன் வாய்க்கும் கொஞ்சம் ஊத்திக்கடி," என்றார் சித்தி.

நீளமான பிடி ஒன்றை மாட்டியதும் உளி தயார். வாயாடி பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தாள். கட்டை சுழன்றது. மரச்சீவல் சுருள் சுருளாக உதிர்ந்தது.

மாலையில் குட்டி புதுக் கைப்பிடியை ஊன்றித் தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"வலிக்கவே இல்ல," என்றாள். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டாள். "இனிமே லீவு போட என்ன காரணம் சொல்றது?"

"காரணம் எல்லாம் எங்கிட்ட கேக்காத. காலைல உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்," என்றாள் வாயாடி.

சொன்னபடியே போனாள். அவளுக்கு முன்பாகவே, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள் குட்டி.