ரிம்மில் பட்ட எண்ணெய்

"எனக்கு ஊத்த வேணாம்... நானே ஊத்திக்கிறேன்."

சின்னவள் இடது கையால் டீ இருந்த பாத்திரத்தை இழுத்தாள். வலது கை தோளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பாதி டீ டம்ளரில் விழுந்தது, மீதி மேடையில் ஓடியது. பெரியவள் துணியை எடுத்துத் துடைத்தாள்.

"துடைக்கிறதுல மட்டும் குறைச்சல் இல்ல," என்று கூடத்திலிருந்து மாமியார் குரல் வந்தது. தையல் மிஷினுக்குப் பக்கத்தில்தான் அவள் எப்போதும் உட்காருவாள். "அன்னைக்கும் இப்படித்தான், துடைக்கிறேன்னு சைக்கிள் கொட்டகைக்குள்ள போய் உட்கார்ந்திருந்தா. துடைச்ச துடைப்புல ஒருத்திக்குத் தோள்பட்டை எலும்பே போச்சு."

"நான் என் வண்டியைத்தான் துடைச்சேன் அத்தை."

"ஆமா... உன் வண்டியத் துடைச்சா அவ வண்டிக்குப் பிரேக் பிடிக்காது. அதையும் நாங்க நம்பணும்."

பெரியவள் துணியைப் பிழிந்து போட்டாள். ஒரு வாரமாக இதே பேச்சு. சோறு வைத்தால் பேச்சு, தட்டு கழுவினால் பேச்சு.

ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு மருமகள்கள். மூத்த மகன் வெல்டர். அவன் மனைவியான பெரியவள், பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் ஈரப் போர்வைகளை மிஷினிலிருந்து உருவித் தள்ளுவண்டியில் ஏற்றுகிறவள். இளையவன் வெளியூர் வேலையில் இருந்தான். அவன் மனைவியான சின்னவள் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தாள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் கிளப் ஒன்று ஏரிக்கரையில் இருந்தது. முதலில் அதில் சேர்ந்தது சின்னவள்தான். மாமியாருக்கு அதில் ஏகப் பெருமை. எதிர்வீட்டுக்காரி கேட்காவிட்டாலும் கூப்பிட்டுச் சொல்லுவாள்.

சின்னவளின் துண்டையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கத்தான் பெரியவள் போனாள். ஒருநாள் வெயில் தாங்காமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். அடுத்த வாரம் கழுத்தளவு. நீந்தப் பழகியதும் கிளப்பின் தலைவர் அவள் தோளைப் பார்த்து, "இந்தத் தோளை எந்த ஜிம்ல வாங்கினீங்க?" என்று கேட்டார். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் கேப்டன்.

"ஈரப் போர்வை தூக்கி வந்தது சார்," என்றாள் இவள்.

கேப்டன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வரச் சொன்னார்.

வீட்டில் அன்றைக்கே புகைச்சல் கிளம்பியது. அவள் ஆபீஸ்காரி, உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், உடம்பு வளையணும். நீதான் காலையிலிருந்து ராத்திரி வரை வளைகிறாயே, உனக்கு எதற்கு? மாமியாரின் கேள்வி நியாயமாகத்தான் பட்டது, பெரியவளுக்கே கூட. பதில் ஒன்று இருந்தது. தண்ணீருக்குள் தலை போனால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? பழைய சைக்கிள் ஒன்றைப் புருஷனைக் கொண்டு பற்றவைத்து, எல்லோருக்கும் முன்னால் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் போய்வந்தாள். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கிளப் போட்டியில் இந்த ஆண்டு அவள் முதன்முறையாக இறங்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை.

போன ஞாயிறு பயிற்சியில்தான் சின்னவள் விழுந்தாள். ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது திருப்பத்தில் பிரேக்கை அழுத்தியிருக்கிறாள், பிடிக்கவில்லை. நேராகப் போய்ச் சுவரில் மோதினாள்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் கிடந்த அந்த வண்டியைப் பெரியவள் நிமிர்த்தினாள். சக்கரத்து ரிம்மில் விரல் வழுக்கியது. மோந்து பார்த்தாள். மெல்லிய, சுத்தமான வாசனை... தையல் மிஷின் எண்ணெய்.

அந்த வீட்டில் அந்த எண்ணெய் டப்பாவைத் தொடுகிறவள் ஒருத்திதான். தெரு முழுக்கத் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவள் மாமியார். இப்போது கை நடுங்குகிறது, ஊசியில் நூல் ஏறாது. ஆனால் மிஷினைத் துடைத்து எண்ணெய் போடுவதை மட்டும் விடவில்லை. டப்பாவில் மீந்ததைக் கதவுக் கீல், கத்தரிக்கோல், தாழ்ப்பாள் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் விடுவாள். சின்ன மருமகளின் சைக்கிள் நாலு பேர் முன்னால் பளபளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். சங்கிலிக்கு எண்ணெய் நல்லது. பிரேக் பிடிக்கிற ரிம்முக்கு அது எமன். இது அவளுக்கு எப்படித் தெரியும்?

சொல்லிவிடத்தான் போனாள். கூடத்து வாசல் வரை போனாள். உள்ளே மாமியார், கையைத் தூக்க முடியாத சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாரையாக ஓடியது.

"இதைச் செஞ்சவ கை அழுகிப் போகும்டி... பாத்துக்கிட்டே இரு. என் வயிறு எரிஞ்சு சொல்றேன்."

பெரியவள் அப்படியே திரும்பி வந்துவிட்டாள். அன்றோடு வாயை மூடியவள்தான்.

அந்த டீ சிந்திய காலையில், எட்டு மணி வாக்கில், கேப்டன் வீட்டுக்கே வந்தார். சின்னவள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"அடுத்தவங்க வண்டியில கை வச்சவங்களைக் கிளப்புல வச்சிக்க முடியாதும்மா. உயிர் சமாச்சாரம். நீங்க தொட்டீங்களா?"

"இல்ல சார்."

"யாரு தொட்டாங்கன்னு தெரியுமா?"

பெரியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பக்கத்திலேயே மாமியார் நின்றுகொண்டிருந்தாள், கண்ணால் குத்திக்கொண்டு.

"நான் தொடல. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

"பாத்தீங்களா, பாத்தீங்களா... கள்ளி வாயைத் திறக்கிறாளா பாருங்க," என்றாள் மாமியார்.

"ஞாயித்துக்கிழமை நான் வருவேன் சார்," என்றாள் பெரியவள். "நான் தப்பு செஞ்சேன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா எல்லார் முன்னாலயும் கரையில வச்சு நிறுத்துங்க. நானா நிக்க மாட்டேன்."

கேப்டன் எழுந்தார். "கரையில பாத்துக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது வெல்டர் வண்டியைச் சலவைக் கூடத்து வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டான். "ஒரே வார்த்தை. செஞ்சியா, இல்லையா?"

"செய்யல."

"அப்ப வேற யாரு? பேய் வந்து செஞ்சுதா?"

"பேயின்னே வச்சிக்குங்க."

"இப்படிப் பேசினா எவன் உன்னை நம்புவான்?"

"நீங்களாவது நம்பலாம்னு நினைச்சேன்..." அவள் இறங்கி உள்ளே போய்விட்டாள். அன்று தூக்கிய போர்வை எல்லாம் வழக்கத்தைவிடக் கனத்தது. சின்னவள் ஏற்கெனவே தனிக்குடித்தனம் போகக் காரணம் தேடிக்கொண்டிருந்தாள். கிழவிதான் தன்னை விழவைத்தது என்று தெரிந்தால் மறுநாளே பெட்டி கட்டுவாள். மாமியாரோ எண்ணெய் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். தான் ஒருத்தி ஏச்சு வாங்கினால் வீடு ஓடும். ஆனால் ஏரியை விட்டுக்கொடுக்க முடியாது. ஏச்சு வாங்கலாம், ஏரியை விடக்கூடாது. அந்த ஒரு கோட்டை மனதில் அழுத்தமாகக் கிழித்துக்கொண்டாள்.

ஞாயிறு விடியுமுன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். கொட்டகையில் விளக்கு எரிந்தது.

மாமியார் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் எண்ணெய் டப்பா, மறு கையில் கந்தைத் துணி. பெரியவளின் சைக்கிள் முன்சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தை பண்றீங்க?" பெரியவள் பையைக் கீழே வைத்தாள்.

மாமியார் திரும்பாமலே சொன்னாள். "நீ போறது எனக்குப் பிடிக்கல. அது வேற. ஆனா துருப்பிடிச்ச வண்டியோட போய் நின்னா, பாக்கறவன் என் பிள்ளையத்தான் கேப்பான், பொண்டாட்டிக்கு ஒரு நல்ல வண்டி வாங்கித் தர வக்கில்லையான்னு. அதான் சக்கரம் எல்லாம் ஒரு இழுப்பு இழுத்து விட்டேன். சின்னவ வண்டி அன்னைக்கு எப்படி மின்னுச்சு, பாத்தல்ல?"

"எதைப் போட்டு மின்னுச்சு அத்தை?"

கேட்டது பெரியவள் இல்லை. தோள் வலியில் தூக்கம் வராமல் எழுந்து வந்த சின்னவள் பின்னால் நின்றிருந்தாள்.

"இதே எண்ணெய்தான். நாந்தான் தடவி விட்டேன். உன்கிட்ட சொல்லல. சொல்லிட்டுச் செஞ்சா அதுல என்ன இருக்கு?"

சின்னவள் உட்கார்ந்து ரிம்மில் கட்டை விரலை வைத்தாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"சின்னவளே... விட்டுடு," என்றாள் பெரியவள்.

"இது பிரேக் கட்டை பிடிக்கிற இடம் அத்தை," என்றாள் சின்னவள்.

மாமியார் விரலைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். காலமெல்லாம் மிஷின் மிதித்தவள். அவளுக்கு அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

"பெல்ட்டுல எண்ணெய் பட்டா வழுக்குமே... அது மாதிரியா?"

சின்னவள் தலையாட்டினாள்.

டப்பா கையிலிருந்து நழுவி உருண்டது. மாமியார் இரண்டு கைகளையும் விரித்து முகத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். "என் கையா... என் கைதானா? நானே என் வாயால..."

பெரியவள் பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்தாள். "ஒண்ணும் ஆகாது அத்தை. ஒரு வாரமா அந்தச் சாபம் எனக்குத்தானே விட்டீங்க. பாருங்க, என் கை நல்லாத்தானே இருக்கு."

"உனக்குத் தெரியுமாடி? தெரிஞ்சுமா வாங்கிக் கட்டிக்கிட்ட? ஏன்டி சொல்லல?"

"சொன்னா மூலையில போய் உட்கார்ந்துப்பீங்க. அப்புறம் மூணு வேளையும் வந்து சமாதானம் சொல்றது யாரு? நாந்தான். அதுக்கு ஏச்சு வாங்கறதே மேல்."

மாமியார் அவள் மடியில் சாய்ந்து குலுங்கினாள். சின்னவள் ஒற்றைக் கையால் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "அக்கா... கேப்டன்கிட்ட உன் பேரை நான்தான் சொன்னேன். என் வாயாலதான்..."

"அழறதுக்குச் சாயங்காலம் இருக்கு," என்றாள் பெரியவள். "இப்ப சக்கரத்தைக் கழட்டணும். ரெண்டு ரிம்லயும் எண்ணெய். விடிஞ்சா போட்டி. எழுந்திருங்க."

சலவை சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்தாள். போர்வையில் எந்தக் கறை ஏறினாலும் இறக்கத் தெரிந்தவள் அவள். மாமியார் ஒரு சக்கரம், அவள் ஒரு சக்கரம். சின்னவள் ஒரு கையால் தண்ணீர் ஊற்றினாள். சத்தம் கேட்டு வந்த வெல்டர் வாசலிலேயே நின்றான். நடந்ததைச் சின்னவள் சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகியது. உள்ளே போய் உப்புத்தாளோடு வந்து, எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளைக் கழற்றித் தேய்க்க ஆரம்பித்தான்.

தேய்த்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னான். "நான் உன்னை நம்பல."

"தெரியும். அந்தத் திருகாணியைப் பிடிங்க."

ஏரிக்கரையில் கயிறு கட்டி எல்லாரையும் நிறுத்தியிருந்தார்கள். கேப்டன் பெரியவளை நோக்கி வருவதற்குள் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். சேலை முழுக்கச் சோடாத் தண்ணீர்.

"எண்ணெய் போட்டது நாந்தான் சார். தெரியாம போட்டேன். கை வச்சவங்களை நிறுத்தணும்னு உங்க சட்டம். என்னை நிறுத்திடுங்க."

கேப்டன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள்.

"சரிம்மா," என்றார் முகம் மாறாமல். "இந்த வருஷம் நீங்க ஓடக்கூடாது."

"ஓடல சார்," என்றாள் மாமியார் பயபக்தியோடு. வெல்டர் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். கேப்டன் பெரியவளிடம் வந்து, "வரிசையில நில்லுங்க. நான் கேட்ட கேள்விக்கு மன்னிச்சுக்கோங்க," என்றார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. பெரியவள் கையை வீசி இழுத்தாள், ஈரத் துணியை மிஷினிலிருந்து உருவுகிற அதே இழுப்பு. முன்னால் போகிறவர்கள் போகட்டும். கரையேறும்போது மூச்சு நெஞ்சில் முட்டியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி ஏறி உட்கார்ந்தாள். இளவட்டங்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஒரு பையன், "தள்ளுங்க ஆன்ட்டி," என்றான். "நீ சுத்திப் போப்பா, ரோடு அகலமாத்தானே இருக்கு," என்றாள் இவள்.

சரிவு வந்தது. அந்தத் திருப்பம். சுவரில் சின்னவளின் சைக்கிள் கீறிய வெள்ளைக் கோடு இன்னும் இருந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சோடா போட்டுத் தேய்த்த கைகளை நினைத்தாள், இரண்டு ஜோடி. உப்புத்தாள் தேய்த்த கையையும் நினைத்தாள். பிரேக்கை முழுக்க அழுத்தினாள்.

கட்டை கிறீச்சென்று அலறியது. அலறிக்கொண்டே பிடித்தது. வண்டி சுவருக்கு நாலடி தள்ளித் திரும்பியது.

ஓட்டத்துக்கு வரும்போது கால் கால்மாதிரி இல்லை. தொடை இரண்டும் அடித்துத் துவைத்த துணியாகத் தொங்கின. ஏரியைச் சுற்றிக் கரை மேல் ஓட வேண்டும். பலர் முடித்துவிட்டு மரத்தடியில் படுத்துக் கிடந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. அவள் நடக்கவில்லை. மெதுவாகத்தான் ஓடினாள், ஆனால் நடக்கவில்லை.

முடிவுக் கோட்டில் கட்டிய அலங்கார வளைவு தெரிந்தது. அதன் கீழே வீட்டார் மூன்று பேரும் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் மாமியார் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள். சின்னவள், "அத்தை, நில்லுங்க," என்று கத்தியது அவள் காதில் ஏறவில்லை. இரண்டு கைகளையும் விரித்துப் பாதையின் நடுவில் நின்று, வந்த வேகத்தில் பெரியவளை அப்படியே அணைத்துக்கொண்டாள்.

"முடிச்சிட்டியே என் தாயி... போதும்டி... இனி ஒரு வார்த்தை உன்னைச் சொல்ல மாட்டேன். என்னை மன்னிச்சிடுடி..."

வியர்வையும் ஏரித் தண்ணீரும் கலந்த அந்தத் தோளில் முகத்தைப் புதைத்து மாமியார் ஓவென்று அழுதாள். பெரியவளின் கண்ணும் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு கை அவளைச் சுற்றியதில்லை. சாய்ந்துகொண்டால் போதும் என்றிருந்தது, கால்கள் அதையேதான் கெஞ்சின. போட்டியில் இருப்பவரை வெளியாள் தொடக்கூடாது என்ற விதியைக் காப்பாற்ற வேண்டிய கேப்டன், ஏரியில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் மாமியாரின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். மெதுவாக அந்தக் கைகளை விலக்கினாள்.

"விடுங்க அத்தை. இன்னும் ஒரு சுத்து இருக்கு."

"இன்னுமா?" என்று மாமியார் வாயைப் பிளந்து நிற்கும்போதே அவள் கரை மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தாள்.