பேய் சொன்ன விலை

டெலிபோன் அலறியது.

காலை வெயில் சமையலறை ஜன்னலில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய் வருகிற நேரமா அது?

ஆனால் வந்தது!

"ஹலோ..." என்றாள் அவள்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம். அப்புறம் ஒரு வறட்டு இருமல்.

அவள் கையிலிருந்த டீ டம்ளர் நழுவித் தரையில் சிதறியது. அந்த இருமலைப் பத்து வருஷம் பக்கத்துத் தலையணையில் கேட்டவள் அவள்.

"நான்தான்..."

"ஏங்க...?"

"விக்காத... அந்த பம்ப் கம்பெனி பங்கை மட்டும் வித்துடாத..."

டொக்.

பேசியது அவள் புருஷன். அதில் சந்தேகமில்லை.

புருஷன் காரோடு எரிந்து செத்து ஒரு மாதம் ஆகிறது. அதிலும் சந்தேகமில்லை!

"மறுபடியும் பேயா?" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தாள் தங்கை. அக்காவுக்குத் துணையாக வந்து தங்கியிருப்பவள். "அக்கா, நான் எடுத்தா மட்டும் ஏன் எதுவும் பேச மாட்டேங்குது? வா, ஒரு நல்ல டாக்டரப் பார்த்துட்டு வரலாம்."

"எனக்குப் பைத்தியம்ங்கறியா?"

தங்கை பதில் சொல்லாமல் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அதைவிடத் தெளிவான பதில் வேறென்ன வேண்டும்?

டாக்டருக்குப் பதிலாக அவள் போலீஸுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு நாற்பது வயது. வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். கேஸ் முடிகிற வரை துப்ப மாட்டாள் என்று ஸ்டேஷனில் பேச்சு. பேய் என்றதும் சிரிப்பாள் என்று பயந்துகொண்டே சொன்னாள் இவள். இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் ஆஃபீஸ்ல வச்சுப் பேசுவோமா?" என்றாள்.

ஆஃபீஸ் பூட்டிக் கிடந்தது. இரண்டு மேஜை. இரண்டு சுழல் நாற்காலி. சுவரோடு ஒரு ஃபைல் பீரோ. புருஷனின் மேஜையில் அவர் கடைசியாகக் குடித்த கோப்பை அப்படியே இருந்தது. அதைக் கழுவ அவளுக்கு மனசு வரவில்லை.

"இங்க என்ன தொழில்மா?"

"கம்பெனி பங்கெல்லாம் மலிவா, விலை ஜாஸ்தியான்னு கணிச்சுச் சொல்றது. ரிட்டையர் ஆனவங்க பணத்த வாங்கி, நல்ல பங்கா பார்த்துப் போடறது. இவரும் இன்னொரு பார்ட்னரும் சேர்ந்து நடத்தினாங்க."

"ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுமா?"

"எலியும் பூனையும்! இவருக்கு 'பத்து வருஷம்'னு பட்டப்பேர். பார்ட்னருக்கு 'போன வருஷம்'!"

"அதென்ன பேரு?"

அவள் கண்ணீருக்கு நடுவே சிரித்துவிட்டாள். "ஊர்ல எல்லாரும் ஒரு கம்பெனியோட போன வருஷ லாபத்த வச்சுத்தான் பங்கு விலை சரியான்னு பார்ப்பாங்க. பார்ட்னரும் அப்படித்தான். இவர் மாட்டார். 'ஒரு வருஷம் குருட்டு அதிர்ஷ்டம் அடிக்கும், ஒரு வருஷம் வெள்ளம் வரும். பத்து வருஷ லாபத்த எடு'ம்பார்."

"கூட்டிப் பத்தால வகுக்கறதா?"

"ஐயோ, அவர்கிட்ட அப்படிச் சொல்லியிருந்தா எகிறியிருப்பார்! பத்து வருஷத்துக்கு முந்தி நூறுக்கு வாங்கின சாமான் இன்னிக்கு நூறுக்குக் கிடைக்குமா? அதனால பழைய லாபத்தையெல்லாம் இன்னிக்கு விலைவாசிக்கு மாத்திட்டு, அப்புறம்தான் சராசரி. பங்கு விலை அந்தச் சராசரியைப் போல எத்தனை மடங்குன்னு பார்ப்பார். மடங்கு கம்மின்னா மலிவு. ஏகப்பட்ட மடங்குன்னா கிட்டயே போக மாட்டார்."

"அதாவது... நேத்து என்ன பண்ணான்னு பார்க்காம, பத்து வருஷமா எப்படி இருந்தான்னு பார்த்து ஆள எடை போடறது!"

"அதேதான் மேடம்."

இன்ஸ்பெக்டரம்மா ஏலக்காயை மறு கன்னத்துக்கு மாற்றினாள். "சரி. வாடிக்கையாளர் பணம் மொத்தமும் காணோம். உங்க வீட்டுக்காரர் கார்ல எரிஞ்சு போறார். அதே நாள்ல, 'வெளிநாடு போறேன், தேட வேண்டாம்'னு பார்ட்னர் மெசேஜ் அனுப்பிட்டு மறைஞ்சு போறார். பச்சைக் குழந்தைகூட சொல்லும், திருடன் யாருன்னு."

"பார்ட்னரோட அம்மா தினம் என் வாசல்ல வந்து நிக்கறாங்க மேடம். 'என் புள்ள திருட மாட்டான்மா'ன்னு அழறாங்க. திருடனப் பெத்தவன்னு தெருவே அவங்களப் பேசுது. என்னால தாங்க முடியல. அதான்... என் பேர்ல இருக்கற பம்ப் கம்பெனி பங்கை வித்து, பணம் போட்டவங்களுக்குத் திருப்பிக் குடுக்கலாம்னு முடிவு பண்ணேன். அப்பத்தான் போன் வர ஆரம்பிச்சுது."

"பேய் என்ன சொல்லுது?"

"விக்கக் கூடாதாம். அவரோட நண்பர் ஒருத்தர் ஆள் அனுப்புவாராம். அவர் பேருக்கு மாத்திக் குடுக்கணுமாம். அதான் கடைசி ஆசையாம்."

"பங்கு மேல ஆசப்படற பேயா! பார்ட்னருக்கு உங்க வீட்டுக்காரர் மாதிரிப் பேச வருமா?"

அவள் திடுக்கிட்டாள். "வரும்! ஆஃபீஸ்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இருமல்கூட அப்படியே..."

"போன் எல்லாம் இன்டர்நெட் நம்பர். பிடிக்க நாளாகும். அடுத்த தடவை பேசினா, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணக் கேளுங்க. பேய் முழிக்கும்."

மறுநாளும் அதே வெயில். அதே அலறல்.

"ஆள் வரலியா...?" என்றது குரல்.

குளியலறையில் அவருடைய ஷேவிங் லோஷன் வாசனை இன்னும் போகவில்லை. நாற்காலியில் அவர் சட்டை இன்னும் தொங்குகிறது. வீடு முழுக்க அவர் இருக்கிறார்... அவரைத் தவிர!

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவளுக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது. பேயாகவே இருந்தாலும் பரவாயில்லை, பேசட்டும்!

"நீங்க அவர்தான்னா சொல்லுங்க. கல்யாணமாகி முதல்ல என்ன வாங்கினோம்?"



குரலில் ஒரு மெல்லிய சிரிப்பு. "ஃப்ரிட்ஜ். உள்ள வைக்க எதுவும் இல்லாம, வெறும் தண்ணிய வச்சு ரெண்டு பேரும் திறந்து திறந்து பார்த்தோம்..."

அவள் சுவரில் சாய்ந்தாள். அது யாருக்கும் தெரியாது. தங்கைக்குக்கூடத் தெரியாது.

"எ... எவ்வளவுக்கு வாங்கினோம்?"

வறட்டு இருமல். "அன்னிக்கு இருபதாயிரம். இன்னிக்கு விலைக்கு முப்பத்தாறாயிரத்து நூறு."

டொக்.

அவள் போனை வைக்கவேயில்லை. கையில் பிடித்தபடியே நின்றாள்.

முப்பத்தாறாயிரத்து நூறு...

முப்பத்தாறாயிரத்து நூறா?

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, செருப்புப் போட மறந்து தெருவில் ஓடினாள்.

"அது பார்ட்னர் இல்ல மேடம்!" ஸ்டேஷன் வாசலிலேயே மூச்சு வாங்கினாள்.

"பின்ன, நிஜப் பேயா?"

"நீங்களே சொல்லுங்க. இவர் எந்தப் பழைய விலையச் சொன்னாலும் கூடவே இன்னிக்கு விலையும் சொல்வார். ஃப்ரிட்ஜ், கல்யாணப் புடவை, என் கம்மல்... எதையும் விட மாட்டார். மாசா மாசம் அரசாங்கம் விலைவாசிக் கணக்கு வெளியிடுமே? அது வந்த அன்னிக்கே எல்லாத்தையும் புதுசாக் கணக்குப் போட்டுடுவார். அது அவருக்கு வியாதி! சாகறதுக்கு முந்தி கடைசியா ஃப்ரிட்ஜுக்கு அவர் சொன்ன விலை முப்பத்தஞ்சாயிரத்து எண்ணூறு."

"பேய் என்ன சொல்லுச்சு?"

"முப்பத்தாறாயிரத்து நூறு! நானும் போட்டுப் பார்த்தேன். சரியா வருது. ஆனா புதுக் கணக்கு வந்தது முந்தாநேத்து. அவர் செத்து ஒரு மாசம் ஆச்சு. செத்தவருக்கு முந்தாநேத்து வந்த கணக்கு எப்படித் தெரியும் மேடம்?"

இன்ஸ்பெக்டரம்மாவின் வாயில் ஏலக்காய் நின்றது.

"அப்ப..."

"என் புருஷன் உயிரோட இருக்கார்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அடுத்த நொடியே செத்துப்போனது. கருகிய உடம்பை யாரும் முகம் பார்த்து அடையாளம் சொல்லவில்லை. மோதிரமும் வாட்ச்சும் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். அவளும்தான்!

"அப்ப கார்ல எரிஞ்சது..." என்று ஆரம்பித்த இன்ஸ்பெக்டரம்மா முடிக்கவில்லை.

வாசலில் தினம் வந்து நிற்கிற பார்ட்னருடைய அம்மாவின் முகம் இவள் கண் முன்னால் வந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அடுத்த போனில் அவள்தான் முதலில் பேசினாள்.

"ஏங்க, மன்னிச்சுக்கோங்க. பங்குக்கு ஆள் கிடைச்சாச்சு. நாளைக்குப் பதினொரு மணிக்கு நம்ம ஆஃபீஸ்ல வச்சுக் கையெழுத்து."

"வேண்டாம்...!"

"நல்ல விலைதான். போன வருஷ லாபத்த வச்சுக் கணக்குப் போட்டாங்க."

"போன வருஷ...? ஏய்...!"

டொக்!

இந்தத் தடவை வைத்தது அவள். அப்புறம் அது அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மறுநாள். ஆஃபீஸ்.

ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. அவள் புருஷனின் மேஜைக்கு எதிரில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கழுவாத கோப்பை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பின்பக்கப் படியில் காலடிச் சத்தம்.

அவள் திரும்பவில்லை. கதவு முனகியது. அதே லோஷன் வாசனை...

"விக்காத..." என்றது குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "வித்தா... நான் உன்ன விட மாட்டேன்..."

அவள் பேனாவை எடுத்தாள். ஒரு காகிதத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்.

"பங்குக்குப் போன வருஷ லாபம் ரெண்டு. அது மாதிரிப் பத்து மடங்கு, இருபது. அதனால ஒரு பங்கு இருபதுன்னு..."

"இருபதா?" கிணற்றுக் குரல் காணாமல் போயிற்று! "அடியே, அது ஃபேக்டரிக்குள்ள வெள்ளம் வந்த வருஷம்டி! பத்து வருஷத்த எடுத்து, இன்னிக்கு விலைவாசிக்கு மாத்திப் பாரு, சராசரி பதினஞ்சு வரும்! எத்தனை தடவ சொல்லிக் குடுத்தேன்? எந்த மடையன்டி அந்தப் பத்திரத்த எழுதினது?"

"நான்தான் சார்!" என்றபடி ஃபைல் பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தாள் இன்ஸ்பெக்டரம்மா. கையில் துப்பாக்கி. "கணக்குல நான் எப்பவும் கொஞ்சம் வீக்கு."

தாடி. தொப்பி. ஆனால் கண்கள் அவருடையதுதான். பின்வாசல் பக்கம் திரும்பினார். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"ஏங்க..." மனைவியின் குரல் உடைந்தது. "ஏன்?"

அவர் தன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அந்த பேட்டரி கம்பெனி... சராசரியைப் போல அறுபது மடங்கு விலை. தொடாதீங்கன்னேன். ஏறுச்சு. மறுபடியும் தொடாதீங்கன்னேன். இன்னும் ஏறுச்சு. வருஷக் கணக்கா எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. வாடிக்கையாளருங்க ஒவ்வொருத்தரா விட்டுட்டுப் போனாங்க. ஒரு நாள்... தாங்க முடியல. இருந்தவங்க பணம் மொத்தத்தையும் அதுல போட்டேன். போட்டதும் விழுந்துச்சு."

"பார்ட்னர்?"

"கண்டுபிடிச்சுட்டான். போலீஸ்ல சொல்லிடுவேன்னான். வாழ்நாள் பூரா போன வருஷம் போன வருஷம்னு கத்தினவன், எனக்கே நியாயம் சொன்னான்!"

"அவரக் கொன்னு, அவர் போன்லயே மெசேஜ் அனுப்பி, அவர் மேல திருட்டுப் பட்டத்தையும் கட்டிட்டீங்களே..."

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"நீயே சொல்லு. பத்து வருஷத்துல உன்ன ஒரு வார்த்த கடிஞ்சு பேசியிருக்கேனா? யார் காசயாவது தொட்டிருக்கேனா? ஒரே ஒரு வருஷம்தான் தப்பாப் போச்சு. என்னையும் சராசரி பார்த்து எடை போடக் கூடாதா?"



"பார்த்தேங்க. பத்து வருஷத்தையும் ஒண்ணு விடாமக் கூட்டிப் பார்த்தேன். நல்ல தொகைதான். ஆனா ஒரு அம்மா என் வாசல்ல நிக்கறாங்க. அவங்க புள்ளைய எந்தச் சராசரியில சேர்க்கறது?"

அவர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நீங்க பேயாவே இருந்திருக்கலாம்," என்றாள். "நான் பயந்துகிட்டாவது உங்களோட வாழ்ந்திருப்பேன்."

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். அவர் எழுந்திருக்கும்போது மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"அந்தப் பங்கு... கையெழுத்துப் போட்டுடாத..."

"அது வெறும் காகிதம். பங்கை நேத்தே வித்தாச்சு. பணம் போட்டவங்களுக்குப் பாதியாவது திரும்பும்."

"நேத்தேவா? எ... என்ன விலைக்கு?"

"நீங்க கத்துக் குடுத்த விலைக்கு. பத்து வருஷம், இன்னிக்கு விலைவாசி, சராசரி."

அந்த நிலைமையிலும் அவர் தலை தன்னையறியாமல் ஆடியது, ஒரு நல்ல மாணவியைப் பார்த்த வாத்தியார் மாதிரி. அதைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழுவாத அந்தக் கோப்பையை எடுத்துக் குழாயடிக்குப் போனாள்.

வாசலில் அவர் நின்றார். "மேடம்... முன்னாடி எந்தத் தப்பும் பண்ணாத ஆள் நான். ஒரு பத்து வருஷத்துல விட்டுடுவாங்கல்ல?"

இன்ஸ்பெக்டரம்மா ஏலக்காயைத் துப்பினாள்.

"பத்து வருஷமெல்லாம் பழைய விலை சார்... இன்னிக்கு விலைவாசிக்கு, ஆயுள் முழுக்க!"