மிச்சம் இரண்டு மூச்சு

தராசு நிலைக்கு வரவில்லை. கண்ணாடிக் கூண்டின் கதவுகளை மூடிவிட்டுத்தான் எடை பார்த்தாள். காற்று புக வழியில்லை. ஆனாலும் கடைசி இலக்கம் ஏறி இறங்கியது, யாரோ உள்ளே ஊதுவதுபோல.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அமில நெடி தேங்கிய அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், அவளுடைய ஒரு காதில் மட்டும், மாட்டியிருந்த இயர்போனில், அக்காவின் வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது: காற்றை உள்ளே தள்ளும் சீறல், ஒரு சொடுக்கு, பிறகு ஈரமான இறக்கம். ஒன்பது நாட்களாக அப்படித்தான். அக்கா இருக்கும் நாட்டுக்குப் போக அவளுக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் அத்தான் அக்காவின் போனைத் தலையணை ஓரம் வைத்து, அழைப்பைத் துண்டிக்காமல் விட்டிருந்தார்.

இயந்திரத்துக்கு வைத்த கணக்கு நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு. அவள் எண்ணினால் பதினாறு வரும். மிச்சம் இரண்டும் அக்கா தானாக இழுப்பவை. அந்த இரண்டை நம்பித்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள்.

"கணக்குப்பிள்ளை, இன்னைக்கு எத்தனை?" என்று தினமும் காலையில் கேட்பார் அத்தான்.

"அதே ரெண்டுதான், அத்தான்."

"கஞ்சப்பிசினாறி உங்கக்கா. மூச்சுலயும் சிக்கனம்."

இன்று அவர் கேட்கவில்லை. இப்போது மேசைத் தொலைபேசி ஒலித்தது. அத்தான்தான்.

"அத்தான், கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ரெண்டு வருது."



"காலைலயே மெஷினைக் கழட்டிட்டாங்கம்மா. எல்லாம் முடிஞ்சுபோச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எனக்குக் கேக்குதே."

"அவ போன் என் பையில இருக்கு. நேத்தே சார்ஜ் தீர்ந்து ஆஃப் ஆயிடுச்சு." குரல் இறங்கியது. "உன் ரெண்டைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டேன். முதல் நாள்லேர்ந்தே அவ தானா ஒரு மூச்சுகூட விடலையாம்."

தன் கைபேசியைப் பார்த்தாள். அதில் எந்த அழைப்பும் இல்லை. காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

சீறல் நின்றது. சொடுக்கும். பதினான்கும் போயின.

மிச்சம் போகவில்லை.

எண்ணினாள். பழக்கம்.

ஒன்று. ஈரமாக. அருகில்.

தராசின் கடைசி இலக்கம் ஏறியது. மூடிய கூண்டின் உட்புறக் கண்ணாடியில், அவள் முகத்துக்கு நேராக, வாயகலத்துக்கு ஆவி படர்ந்தது. மெல்லச் சுருங்கியது.

இரண்டு.

மீண்டும் படர்ந்தது.

அது மறைவதற்குள் மூன்றாவது வந்தது.