திறக்க வழி இல்லாத கதவு

"பத்தே நிமிஷம். நீ உக்காந்து—"

"எனக்கு இந்தப் பேய் பூதமெல்லாம் வேண்டாம்னு எத்தன தடவ—"

"பேயே இல்லங்கறேன்! கதவுதான் இருக்கு. நாலே நாலு கதவு."

"கதவ மூடறதுக்கு நான் எதுக்கு? நீங்க திறந்து போட்டுட்டுப் போற கதவையெல்லாம் மூடறதே என் பொழப்பா இருக்கு. வாரத்துல ஆறு நாள் கால் சென்டர்ல ஹெட்போன காதுல மாட்டிக்கிட்டு, ஹீட்டர் சூடாகலன்னு ஊர் திட்டற திட்டையெல்லாம் வாங்கறேன். ஞாயித்துக்கிழமையும் மாட்டணுமா?"

"உன்ன மாதிரி ஆள்தான் வேணும். ஜென்மத்துல ஒரு கேம் தொடாத ஆள். சாயங்காலம் கேம போட்டிக்கு அனுப்பியாகணும். எங்க பயப்படறாங்க, எங்க கொட்டாவி விடறாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"கத்தாதீங்க. வாண்டு இப்பத்தான் கண்ணசந்திருக்கா."

சண்டை அங்கேயே படுத்துவிட்டது. அந்த வீட்டில் எந்தச் சண்டையையும் நிறுத்தக்கூடியது வாண்டுவின் தூக்கம் ஒன்றுதான். ஐந்து வயது மகள். நேற்று ராத்திரியிலிருந்து சளி. மூச்சு விடும்போதெல்லாம் கடைசியில் மூக்கு 'ஈ' என்று மெல்லிசாய் விசிலடித்தது. பக்கத்து அறையில் போர்வையைக் காலால் உதைத்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்தாள்.

கணவன் விளம்பரப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தவன். வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாகத் தனி ஆளாக இந்தக் கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறான். இப்போது பகல் மூன்று மணிக்குத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டான். வெளியே மேகமும் சேர்ந்துகொள்ள, அறை கிணற்றின் அடி மாதிரி இருண்டுவிட்டது.

"இந்த அம்புக்குறி நடக்க. இந்த நீளப் பொத்தான் கதவ மூட. வெளிய ஒண்ணு வீட்டச் சுத்திட்டே இருக்கும். அது உள்ள வராது, சத்தம் மட்டும்தான். நாலாவது வாசக்கதவு. அத மூடினா ஆட்டம் முடிஞ்சு தானா அணைஞ்சுடும்."

"திறக்கறதுக்கு எந்தப் பொத்தான்?"

"கிடையாது. மூடினா மூடினதுதான். திறக்கலாம்னா எவன் பயப்படுவான்?" நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தான். "இனி நான் வாயே திறக்க மாட்டேன். நீ என்ன கேட்டாலும் பதில் வராது. உதவி பண்ணிட்டா உன் பயம் எனக்குத் தெரியாமப் போயிடும். அதான் முறை."

"கல்யாணமானதுலேருந்து அந்த முறைலதான இருக்கீங்க," என்று அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு கூடம். ஆள் இல்லாத நாற்காலி, சுவரில் படம் கழற்றிய தடம், தரையில் எங்கிருந்தோ விழும் மங்கல் வெளிச்சம். அவள் எதிர்பார்த்ததைவிட அமைதியாக இருந்தது. ஆனால் அந்த அமைதிக்குள் ஏதோ ஒன்று அவளுக்குப் பழக்கமானதாக, சமையலறையில் தனியாக நிற்கும் நேரத்தின் மணம்போல ஒட்டிக்கொண்டு வந்தது. சற்று நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. ஃப்ரிட்ஜ். ஓடி ஓடி, நிற்கும்போது ஒரு செருமல் செருமுமே, அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்.

"ஏங்க, இது நம்ம வீட்டுதான?"

கேட்ட பிறகுதான் அவனுடைய முறை ஞாபகம் வந்தது. எல்லாச் சத்தமும் வீட்டிலேயே பிடித்திருக்கிறான். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் ஃப்ரிட்ஜ் இரைச்சலைக் கொஞ்சம் கொடுங்கள் என்றா கேட்க முடியும்? போன மாதம் ஒரு நாள் ஈரச் சாக்கைத் தரையில் இழுத்து இழுத்துப் பதிவு செய்ததும், வாண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்து சவாரி கேட்டதும் ஞாபகம் வந்தன. அந்தச் சாக்குதான் இப்போது சுவருக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது. ஈரமாக. ஒரு அடி. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு அடி. சாக்கு என்று தெரிந்தும் அவள் கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

சமையலறைக் கதவை மூடினாள். டொக். பின்கட்டுக் கதவு. டொக். காலடி வீட்டைச் சுற்றிக்கொண்டு இடது காதிலிருந்து முதுகுக்குப் போயிற்று. மூன்றாவது, ஒரு சின்ன அறை. உள்ளே ஒரே இருட்டு. வாசற்படியில் நின்றாள்.

அங்கே யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாளெல்லாம் முகம் தெரியாதவர்களின் மூச்சைக் கேட்கிற காது அது. பேசுவதற்கு முன்பே, இவர் அழப்போகிறார், இவர் கத்தப்போகிறார் என்று சொல்லிவிடும். இந்த மூச்சை அடையாளம் காண அரை நொடிகூட ஆகவில்லை. உள்ளே இழுத்து, மெல்ல விட்டு, கடைசியில் 'ஈ' என்று ஒரு விசில்.

"இங்க வாண்டுவோட மூச்ச வெச்சிருக்கீங்களா?"

பின்னால் முக்காலி கிறீச்சிட்டது.

"உங்களத்தான் கேக்கறேன். குழந்த தூங்கறதயா பதிவு பண்ணீங்க?"

திரும்பிப் பார்த்தாள். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணில் சிரிப்போடு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நல்ல இடத்தில் பயப்படுகிறாள் என்று சந்தோஷம் போலிருக்கிறது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையின் மூச்சை இப்படி இருட்டில் போட்டுவைக்க இவனுக்கு எப்படி மனசு வந்தது? அந்த நேரம் பார்த்து ஈரக் காலடி சன்னலருகே வேகமெடுத்தது. ஆத்திரமோ பயமோ, அவள் நீளப் பொத்தானை அடித்தாள்.

டொக்.

விசில் நின்றது. அதற்குப் பிறகுதான் தோன்றியது: சத்தங்களெல்லாம் போன மாதம் பதிவானவை. சளி நேற்று ராத்திரி வந்தது.

ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் வைத்து அழுத்தினாள். முதலில் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பிறகு சிரிப்பு முகத்தில் மறந்துபோய் நின்றது.

"என்ன கேக்குது? சொல்லுங்க. முறையும் மண்ணாங்கட்டியும்!"

"கதவத் தட்டற சத்தம்," என்றான். "அந்த ரூம்ல நான் எதையும் வைக்கல. அது சும்மா காலி ரூம்."

இரண்டு பேரும் ஓடினார்கள். கட்டில். கவிழ்ந்து படுத்த பள்ளம். தலையணையில் ஈரம். அவள் கையை வைத்துப் பார்த்தாள்; சூடு இருந்தது. கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசல் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது, அதுவும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். பெயர் சொல்லிக் கத்தினார்கள். ஃப்ரிட்ஜ் செருமி நின்றது.

திரும்பி வந்தபோது திரையில் அந்தச் சாம்பல் கூடம் அப்படியே இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"அம்மா?" சளி கட்டின குரல். "அம்மா, ரொம்ப இருட்டா இருக்கு."

"திறங்க! இந்தக் கதவத் திறங்க!"

"திறக்கறதுக்குன்னு நான் எதையுமே எழுதலடி. எழுதணும்னா இத அணைக்கணும். அணைச்சா எல்லாம் மொதல்லேருந்து…" அவன் கை கணினியை அணைக்கும் பொத்தான் பக்கம் போயிற்று.

"தொடாதீங்க!" அவன் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். "அணைச்சிட்டா அவ எங்க இருப்பா? சொல்லுங்க, எங்க இருப்பா?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். திரையில் வாசல் கதவு மட்டும் இன்னும் திறந்திருந்தது. அதை மூடினால் ஆட்டம் முடிந்து தானாக அணைந்துவிடும். மூடாவிட்டால்.

ஈரமாக ஒரு அடி. வாசலுக்குள்.

"உள்ள வருது."

"வராது. வர்ற மாதிரி நான் செய்யவே இல்ல."

இன்னொரு அடி. இடது காது. அடுத்தது, நடுமண்டையில். கூடத்தின் குறுக்கே, அவளைத் தாண்டி. திரையில் ஒன்றும் தெரியவில்லை. தரையில் மட்டும் நீர்த்தடம், ஒவ்வொன்றாக. மூடிய கதவுவரை போயிற்று. நின்றது.

கதவு அசையவில்லை.

அடுத்த அடி கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"வாண்டு! வாண்டு, இங்க பாரு, அம்மா இங்கதான் இருக்கேன்!" திரையை இரண்டு கையாலும் அறைந்தாள். கண்ணாடி சில்லென்றிருந்தது. கேட்கத்தான் முடியும். பேச அந்த ஹெட்போனில் மைக் இல்லை.

தட்டுவது நின்றுவிட்டது. மூச்சு மட்டும். விசில். அதன் பக்கத்தில் இன்னொரு மூச்சு; நீளமானது, அவசரமே இல்லாதது. நாளெல்லாம் மூச்சு கேட்கிற காதுக்கு, அது யாருடையது என்று தெரியவில்லை.

யார் கூப்பிட்டாலும் அம்மாவைக் கேட்காமல் போகக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. கேட்டாள்.

"அம்மா, இவங்க கைய நீட்டறாங்க. பிடிச்சுக்கட்டுமா?"