பழைய தலைநகருக்கு ஒரே ஒரு டிக்கெட்

காலையில் கதவைத் தட்டி உள்ளே வந்தவள் உட்காரவில்லை. முதுகில் கிடந்த பயணப்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"சாயங்காலம் ரயில். என் அடையாள அட்டையைக் காணோம். அது இல்லாம ரயில்லயும் ஏத்தமாட்டாங்க, விடுதியிலயும் ரூம் தரமாட்டாங்க. எடுத்தது எங்க வீட்டு ஆளுதான்."

ஆபீசரம்மா தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்யாக இழப்பீடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; தெருவில் எது காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். தட்டச்சுப் பள்ளி நடத்தும் அவருடைய தங்கை அதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைமேல் குனிந்துவிட்டார்.

"எந்த ஊருக்கு?" என்றார் ஆபீசரம்மா.

"பழைய தலைநகரத்துக்கு. தனியா."

"வேலை விஷயமா?"

"இல்ல, பார்க்க. அரண்மனையைப் பார்க்க, கோட்டை மதில் மேல நடக்க. எந்த ராஜா எந்த வாசலைக் கட்டினான்னு மூணு வருஷம் மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதினேன். ஒரு வாசலைக்கூட கண்ணால பார்த்ததில்ல. வேலைன்னு பொய் சொல்லியிருந்தா பேசாம அனுப்பியிருப்பாங்க. சும்மா பார்க்கப் போறேன்னு உண்மையைச் சொன்னேன் பாருங்க, அதுதான் குத்தமாப் போச்சு."

அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். எங்கள் வீட்டிலும் ஒரு பட்டதாரி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்கள். பாடத்தில் படித்த ஊரை அவள் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் எல்லோருக்கும் நெஞ்சு வலிக்கும்.

"வீட்டுல யார் யார்? யார் என்ன சொன்னாங்க?"

"அப்பா கிடங்குல மூட்டை தூக்குறவர். முதுகுவலின்னு இந்த வாரம் வீட்லதான் இருக்கார். போனா காலை உடைப்பேன்னார். அண்ணன் வேன் ஓட்டுறான். என்னைக் கூப்பிடுறதே 'டிகிரி'ன்னுதான். 'டிகிரிக்குக் காவலுக்கு நானும் வரேன்'னு கிண்டல் பண்ணான். அண்ணி ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவு நர்ஸ். அவங்க ஒருத்தர்தான் 'போயிட்டு வா, எனக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வா'ன்னாங்க."

"அம்மா?"

"ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில தையல் வேலை. அம்மா வாயே திறக்கல. ஆனா முந்தாநாள் பைக்குள்ள ரகசியமா ஒரு உள்பை தைச்சாங்க. அட்டையை அதுல வச்சு, வாயையும் தைச்சு மூடிட்டாங்க. வழியில யாரும் அடிச்சிடக் கூடாதாம். ஸ்டேஷன்ல பிரிச்சுக்கோன்னாங்க. இன்னைக்குக் காலையில தொட்டுப் பார்த்தேன், தட்டையா இருக்கு. மூடினது மூடினபடியே இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல."

ஆபீசரம்மா பையின் உள்துணியை வெளியே இழுத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடது பாதியில் கறுப்பு நூல் பொடிப்பொடியாக ஒரே ஓட்டமாக ஓடியிருந்தது. பாதி வழியில் அந்த நூல் வெட்டுப்பட்டிருந்தது. அதற்கப்பால் அதே கறுப்பு நூல்தான். ஆனால் ஒவ்வொரு தையலும் தனித்தனியாக நின்றது; ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சு, ஒரே அளவில் நறுக்கிய நுனிகள்.

"அம்மாதான்," என்றார் தங்கை. "உள்பை இருக்குறது அவங்களுக்குத்தான் தெரியும். நூல் அவங்களோடது. தைக்கவும் தெரியும். வாய் திறக்காதவங்கதான் கைவரிசை காட்டுவாங்க அக்கா."

வந்தவளின் முகம் சுருங்கிவிட்டது. "அம்மா அப்படிச் செஞ்சிருந்தா நான் அந்த வீட்டுக்குத் திரும்பவே மாட்டேன்."

"நேத்து பகல்ல வீட்டுல யாரு இருந்தா?"

"நானும் அம்மாவும் வேலைக்குப் போயிட்டோம். அப்பா முன்னறையில படுத்திருந்தார். அண்ணி இரவுப் பணி முடிச்சு வந்து உள்ளறையில தூங்கினாங்க. பை அங்கதான் இருந்தது. அண்ணன் மதியம் சாப்பிட வந்துட்டுப் போனான்."

"அப்ப வீட்டுக்கே போவோம். எல்லாரும் இருக்கட்டும்."

மதியம் அந்த இரண்டு அறை வீட்டில் ஐந்து பேரும் இருந்தார்கள். அப்பா கட்டிலை விட்டு எழவில்லை. அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு சுவர் ஓரமாக நின்றார். அண்ணி சமையல் மேடையருகே. அண்ணன் வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலில் சாய்ந்திருந்தான்.

"எங்க வீட்டு டிகிரி துப்பறிய ஆளே கூட்டிட்டு வந்துட்டாப்பா," என்றான்.

ஆபீசரம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. உள்துணியை அம்மாவிடம் நீட்டினார்.

"இந்தப் பாதி நீங்க தைச்சது. அந்தப் பாதி?"

அம்மா விரலால் தடவிப் பார்த்தார். "நான் தைக்கல. தையலுக்குத் தையல் நூலை வெட்டினா எங்க லைன்ல அன்னைக்கே வெளிய அனுப்பிடுவாங்க. தையல் வரி முடியுற வரைக்கும் நூலை அறுக்க மாட்டோம்."

"என் தங்கச்சிக்கு உங்க மேலதான் சந்தேகம். அவசரத்துல பழைய கைப்பழக்கம் மாறுமா? மாறாது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஊசி பிடிக்கத் தெரியும்னே வச்சுக்குவோம். அவங்களும் ஓட்டமாத்தான் இழுத்திருப்பாங்க. ஒவ்வொரு தையலுக்கும் முடிச்சுப் போட்டு நறுக்குறது யாரு? ஒண்ணு அவிழ்ந்தாலும் மத்தது பிடிச்சு நிக்கணும்னு பழகினவங்க. துணியில அப்படித் தைக்க மாட்டாங்க. உடம்புலதான் தைப்பாங்க."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி அடுப்பை அணைத்தார். மேலே இருந்த மருந்து டப்பாவைத் திறந்து அட்டையை எடுத்து நாத்தனாரின் கையில் வைத்தார்.

"அத்தை தைக்கும்போது பார்த்தேன்," என்றார். "அட்டையை எடுத்துட்டு அப்படியே விட்டிருந்தா நான்தான்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. திறந்த இடத்தைத் திறந்தபடி விட எனக்குக் கை வரல."

"நீங்களா அண்ணி?" என்றாள். "எனக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வான்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அதுவும் நிஜம்தான்."

"அப்ப ஏன்?" என்றார் ஆபீசரம்மா. "இந்த வீட்டுல அவ போகக் கூடாதுன்னு நினைச்சவங்க வேற ஆளுங்க. கை உங்களோடது. காரணம் யாரோடது?"

சாவி சுழல்வது நின்றது. அண்ணி கணவனைப் பார்க்காமல் சொன்னார்:

"அவ புத்தியைக் கெடுத்தது என் வேலையாம், என் சம்பாத்தியத் திமிராம். அவ ரயில் ஏறினா மறுநாள்ல இருந்து நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாதாம்."

"வீட்டுக்குள்ள ஆயிரம் பேசுவோம்," என்றான் அண்ணன். "அதை எல்லாம் வெளியாளுங்க முன்னாடி..."

"சொன்னியாடா?" அப்பா கட்டிலிலிருந்து கேட்டார்.

"நீங்க காலை உடைப்பேன்னீங்க. நான் அதைவிட மரியாதையாத்தான் சொன்னேன்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவள் அட்டையைப் பார்த்தாள். பிறகு பையைத் தரையில் வைத்தாள். "நான் போகல அண்ணி. கோட்டை எங்கயும் ஓடிடாது. உங்க வேலை போயிடும்."

"பையை எடு," என்றார் அண்ணி. "நேத்து பயந்துட்டேன், அதான் திருடினேன். இப்ப நீ நின்னுட்டா, இப்படிச் சொன்னா நடக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அடுத்து எதுக்குச் சொல்வாரோ. இன்னைக்கு எனக்கு மாலைப் பணி. நீயும் கிளம்பு, நானும் கிளம்புறேன்."

அண்ணன் வாசலை விட்டு நகரவில்லை. ஆபீசரம்மாவின் தங்கை அவன் முன்னால் போய் நின்றார். "தம்பி, நான் உடம்பு பெருத்த ஆளு. ஓரமா நிக்கலைன்னா உங்களுக்குத்தான் அடிபடும்."

அவன் ஒதுங்கினான். அம்மா மகளின் பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் ரயில் நிலையம் போகும் வண்டி முதலில் வந்தது. அவள் ஏறி சன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். அண்ணி வெள்ளைச் சீருடையில் தனியாக நின்றார். தெருமுனையிலிருந்து அண்ணனின் வேன் மெதுவாக வந்து அவர் பக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து அவன் என்னவோ சொல்வது தெரிந்தது. என்ன என்று காதில் விழவில்லை.

அவள் பாதி எழுந்துவிட்டாள். அண்ணி அவளைப் பார்த்து, உட்காரு என்று உள்ளங்கையைத் தாழ்த்தினார். பிறகு வேன் பக்கம் திரும்பாமலே, தன் பேருந்து வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தார்.