எடுக்காமல் விட்ட கண்ணிகள்

1955 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, புதுச்சேரி சம்பா கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்த கடற்போர் பாதியில் நின்றது.

கப்பல்கள் ஈயத்தால் ஆனவை. ஒவ்வொன்றும் நடுவிரல் நீளம். டிரெட்நாட் என்ற ராட்சதக் கப்பல் வருவதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த போர்க்கப்பல்களின் உருவங்கள்: பருத்த வயிறு, எதிரியை நீருக்கடியில் முட்டுவதற்காக நீட்டிய மூக்கு, கரிப்புகை கக்கும் இரட்டைக் குழாய்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சு மருத்துவர் விட்டுப்போன பெட்டியில் இருபத்திரண்டு இருந்தன. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சவரிநாதன், இந்தோசீனாவில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஆடுபவன் அவருடைய தம்பி கிறிஸ்துதாஸ், துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். தம்பியின் மனைவி இருதயமேரி நடுவர்.

கூடத்துத் தரை கடப்பாக்கல். இரண்டடிச் சதுரம், தெருக்கதவிலிருந்து குசினி வாசல்வரை பத்து வரிசை, வரிசைக்கு ஆறு கல். கருத்து வழவழத்த அந்தத் தரைதான் கடல். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் தனக்குத் தோன்றிய ஆறு கற்களைத் துண்டுச்சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொள்வாள். அந்த ஆறிலும் கண்ணிவெடி இருப்பதாகக் கணக்கு. கப்பல் அதில் ஏறினால் "போச்சு" என்பாள். ஆட்டம் முடிந்ததும் சீட்டை உரக்கப் படிப்பாள்; அண்ணனும் தம்பியும் ஒவ்வொரு கல்லாகத் தொட்டு "எடுத்தாச்சு" என்பார்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் மருத்துவர் தன் கையால் எழுதி ஒட்டிய விதிகளில் இந்த ஒன்றின் கீழ் மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தது. சவரிநாதன் பட்டாளத்து மனிதர். கண்ணியை எடுக்காமல் அவர் ஒருநாளும் எழுந்ததில்லை.

அன்று எழுந்தார்.

"போச்சு," என்றாள் இருதயமேரி.

அவருடைய பூவே என்ற கப்பல் அது. அசல் பூவே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் 1915இல் துருக்கியின் தார்தனெல்ஸ் நீரிணையில் கண்ணியில் மோதி இரண்டு நிமிடத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது என்று ஒவ்வொரு ஞாயிறும் அவர்தான் சொல்வார்.

"போன வாரமும் என் கப்பலுதான் போச்சு. இந்த வாரமும் என் கப்பலுதான்," என்றார். "இவன் கப்பலு மட்டும் பூனையாட்டம் ஒதுங்கி ஒதுங்கிப் போவுது."

"வெளையாட்டுதானண்ணே."

"நீ எங்கடா வெளையாடற? உம் பொண்டாட்டி கண்ணு காட்றா, நீ கப்பலு ஓட்ற. அவ கண்ண மூடிக்கினா கக்கூசுக்குப் போவக்கூட ஒனக்கு வழி தெரியாது."

கிறிஸ்துதாஸ் அண்ணனைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் எதிர்பார்த்த கோபம் அந்தப் பார்வையில் இல்லை, சந்தேகம் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, தெருக்கதவைத் திறந்தபடியே விட்டுப் போனான்.

இருதயமேரி குசினிக்குள் போய்ச் சீட்டை அடுப்பில் போட்டாள். அது சுருண்டு கருகும்வரை நின்று பார்த்தாள்.

முதலில் வாசனைதான் தப்பாக இருந்தது. அடுப்பில் எரிவது சவுக்கு விறகு. ஆனால் கூடத்திலிருந்து வந்தது ரயிலடியில் வீசுகிற நிலக்கரிப் புகையின் நெடி, அதோடு துருவும் உப்பும், நெடுநாள் மூடிவைத்த தண்ணீரின் குளிர்ச்சியும். வெயிலுக்காகச் சன்னல்கள் சாத்தியிருந்தன. மரச்சட்டங்களின் இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சம் கோடுகோடாகத் தரையில் கிடந்தது. அந்தக் கோடுகள் அசைந்துகொண்டிருந்தன. தண்ணீர்மேல் விழுந்த வெளிச்சம் அசைவதுபோல.

அவள் குசினி வாசற்படியிலேயே நின்றாள். நான்காவது வரிசையில் பூவே கவிழ்ந்து கிடந்த கல்லில் இப்போது ஈரவட்டம் மட்டும் இருந்தது. சவரிநாதன் எடுத்திருப்பார் என்று நினைத்தாள். அவர் தெருக்கதவுப் பக்கம் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். இரண்டு கையும் வெறுங்கை.

பக்கத்து வீட்டுக் கோழி திறந்த கதவு வழியாக உள்ளே வந்தது. தலையை வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டு முதல் வரிசையைத் தாண்டியது, இரண்டாவதையும் தாண்டியது. மூன்றாவது வரிசை, ஐந்தாவது கல். அவள் எழுதிய கல். கோழி கத்தவில்லை. சிறகடிக்கவில்லை. ஒரு பழுப்பு இறகு கல்லின்மேல் வட்டமாக, மெதுவாகச் சுற்றியது. பிறகு அதையும் யாரோ கீழேயிருந்து இழுத்துக்கொண்டதுபோல் உள்ளே போனது. கல் காய்ந்திருந்தது.

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு எழுதினாள். பூவே போனது ஒன்று, கோழி போனது ஒன்று. ஐந்தாம் வரிசை முதல் கல். ஒன்பதில் இரண்டாவது. மற்ற இரண்டு? எழுதும்போது சோறு பொங்கி வழிந்தது. அவசரத்தில் எழுதியது. மற்ற இரண்டு?

அப்போது பக்கத்து அறையில் தூளிக் கயிறு கிரீச்சிட்டது.

எட்டுமாதக் குழந்தை லூர்துசெல்வி தாழக் கட்டிய தூளியிலிருந்து தானே நழுவி இறங்கப் பழகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தெருக்கதவை ஒட்டிய அந்த அறை வாசலில் அவள் தலை தெரிந்தது. அம்மாவைப் பார்த்தாள். சிரித்தாள். தவழ ஆரம்பித்தாள்.

"மாமா! புள்ளையத் தூக்குங்க!"

சவரிநாதன் கண்ணைத் திறந்தார். "ஏன், உங்காலுக்கு என்னா வந்துச்சி?"

"கண்ணி எடுக்கல மாமா. கோழி போயிடுச்சி. எங்கண்ணால பாத்தேன்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"சீட்டு எங்க?"

"எரிச்சிட்டேன்."

"நெனப்புல இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ரெண்டு தெரியல."

சவரிநாதன் தரையைப் பார்த்தார். பிறகு இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

குழந்தை அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் கை நீட்டவில்லை. குழந்தை மூன்றாம் வரிசையைத் தாண்டியது. நான்காம் வரிசை. உள்ளங்கை கல்லில் படும் ஈரச்சத்தம். பளக். பளக்.

இருதயமேரிக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. தெரியாத கல்லைக் கண்டுபிடிக்க உயிருள்ள ஒரு கால் வேண்டும். குழந்தைக்கு முன்னால் அது நடக்க வேண்டும்.

"ஊரெல்லாம் சார்ஜெண்டுன்னு சொல்லிக்கினு திரியிறியே," என்றாள். அவரை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "பொட்டச்சியாட்டம் கால மடக்கிக்கினு ஒக்காந்திருக்க. பட்டாளத்துலயும் இப்பிடித்தான் ஒக்காந்திருந்தியா? சாவறதுக்கு மத்தவனுங்கள முன்னால அனுப்பிட்டு?"

அவர் முகம் கறுத்தது.

"என்னாடி சொன்ன?"

"வந்து கேளு."

அவர் எழுந்தார். கையை ஓங்கிக்கொண்டு, நீண்ட எட்டுக்களில், குழந்தையைக் கடந்து நேராக அவளை நோக்கி வந்தார். அவள் அவர் காலைப் பார்க்கவில்லை. குழந்தையின் கையை மட்டும் பார்த்தாள். ஆறு. ஏழு.

எட்டாம் வரிசை.

வெள்ளை வேட்டி கல்லின்மேல் அகலமாக விரிந்தது. நடுவில் ஒரு கை. விரல்கள். பிறகு கல்.

குழந்தை ஏழாம் வரிசையிலிருந்து அந்தக் கல்லை எட்டிப் பார்த்துச் சிரித்தது.

அவள் பாய்ந்தாள். பத்தையும் ஒன்பதையும் தாண்டி, அவர் போன அதே கல்லில் விழுந்தாள். அது வெடித்துவிட்ட கண்ணி. அதில் இனி ஒன்றும் இல்லை. குழந்தையை வாரி எடுத்தாள். திரும்பினாள். திரும்பியபோது மனதிலிருந்த எண்கள் கலைந்துவிட்டன. ஒன்பதில் இரண்டாவதா? இரண்டில் ஒன்பதா? அவர் எந்தக் கல்லெல்லாம் மிதித்து வந்தார்? பார்க்கவில்லை. ஓடிவராமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து இரண்டு கல்லைத் தாண்ட முடியாது.

நின்றாள்.

உள்ளங்காலுக்குக் கீழே யாரோ தட்டினார்கள்.

கல்லின் அடிப்பக்கத்திலிருந்து, முஷ்டியால். விட்டுவிட்டு. மூன்று தட்டு. கொஞ்சம் ஓய்வு. மூன்று தட்டு. அவள் கத்தவில்லை. கத்தினால் ஆட்கள் ஓடிவருவார்கள்.

பொழுது சாயும்போது கிறிஸ்துதாஸ் வந்தான். கூடத்தில் மனைவி பிள்ளையோடு நிற்பதைப் பார்த்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"தெருவே வேடிக்க பாக்கணுமா?"

"அங்கியே நில்லுங்க," என்றாள். "கால வைக்காதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. கண்ணி எடுக்கல."

"அண்ணன் எங்க?"

அவள் கீழே பார்த்தாள். கீழே தட்டல் கேட்டது. அவனுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

"கதவத் தொறந்து வெளிய போயிடுங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்கறேன்."

"உன் கண்ணப் பாத்து நடந்தவரைக்கும் போதும்டி," என்றான் கிறிஸ்துதாஸ். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்தான். "இனிமே எனக்கு நீ வழி காட்ட வாணாம்."

முதல் கல். இரண்டாவது.

மூன்றாவதில் அவன் இல்லை.

இருட்டியது. விளக்கேற்ற யாரும் இல்லை. குழந்தை பால் குடித்தது, தூங்கியது, விழித்து அழுதது. தட்டல் இப்போது இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று பழையது, மெதுவானது. மற்றது அவசரமானது. விடியற்காலையில் பழையது நின்றது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, குழந்தையின் அழுகை ஓயாததைக் கேட்டு அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தார்கள். இருதயமேரிக்குக் குரல் போயிருந்தது. வர வேண்டாம் என்று அவள் கையை ஆட்டியதை எல்லாரும் பார்த்தார்கள். உதவிக்கு அழைக்கிறாள் என்று நினைத்தார்கள். உள்ளே ஐந்து பேர் போனார்கள். தாயையும் குழந்தையையும் உயிரோடு வெளியே தூக்கி வந்தவர்கள் மூன்று பேர்.