முதல் குடித்தனக்காரர்

பொறுப்புமானி செண்பகவல்லிக்கு முப்பத்தெட்டு மதிப்பெண் போட்டிருந்தது. நாற்பதுக்குக் கீழே இறங்கினால் வாரிய வீடு ரத்து. மாலை ஐந்து மணிக்குள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேற வேண்டும். அதற்குப் பிறகு கதவு அவள் கைரேகைக்குத் திறக்காது. காலில் கம்பி வைத்து நான்காவது மாடியில் படுத்திருக்கும் கணவன் தனபாலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று மானிக்குக் கவலையில்லை.

கதவு நிலையில் பதித்த சின்னப் பெட்டி அது. குழாய் ஒழுகுவதைக் கேட்கும், சுவரின் ஈரத்தை முகரும், அங்கே குடியிருப்பவரின் மதிப்பெண்ணைக் கழிக்கும். யாரால் வந்த ஈரம் என்று விசாரிக்காது. விசாரிக்கும் பெட்டியும் சந்தையில் இருந்தது. அது தங்களுக்கு ஒத்துவராது என்று வாரியம் தள்ளிவிட்டது. பெட்டியோடு கொடுத்த கையேட்டில் குடியிருப்போரின் கடமைகள் முப்பத்திரண்டு பக்கம். உரிமைகள் பின்னட்டையில், அச்சக முகவரிக்குக் கீழே, மூன்றே வரி.

அந்த மூன்றில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூன்று மணிக்குத் தரைத்தளத்துக்கு வந்தாள். ஒரே குழாய் வரிசையில் இரண்டு வீடுகளில் ஈரம் இருந்து, இரண்டு வாடகைதாரர்களும் சேர்ந்து கைரேகை வைத்தால், தவறு வாரியத்தினுடையது.

"சார், எனக்குக் கீழ இருக்கற மூணு வீடும் காலி. இதே ஈரத்துக்குத்தான் அவங்களையும் வெளிய அனுப்பினீங்க. ரெண்டாவது கைரேகைக்கு நான் எங்க போவேன்?"

குடியிருப்பு அலுவலர் வேதமூர்த்தி பல் குத்திக்கொண்டிருந்தார். "அதுக்கு நான் என்னம்மா பண்றது? வீட்ட வீடு மாதிரி வச்சிக்கணும். உங்களுக்கெல்லாம் மாளிகையே கட்டிக் குடுத்தாலும் மாட்டுக்கொட்டாய் ஆக்கிடுவீங்க."

"உங்க ரூம்லயும் ஒழுகுதே சார். அந்தக் காலண்டருக்குப் பின்னால."

அவர் முதுகுக்குப் பின்னால் ஆறு காலண்டர்கள் நெருக்கியடித்துத் தொங்கின. தேதி பார்க்க யாருக்கும் ஆறு தேவைப்படாது. அத்தனையும் ஓரம் சுருண்டு நசநசத்துப் போயிருந்தன.

"நான் அதிகாரிம்மா. குடித்தனக்காரன் இல்ல. மிஷின் பொய் சொல்லாது, கெளம்பு."

மனுவை வாங்கித் தட்டில் போட்டார். அந்தத் தட்டில் விழுந்த காகிதம் எதையும் அவர் படித்ததில்லை. பிறகு வாசல் கடைக்கு டீ குடிக்கப் போனார்.

நான்கு மணிக்குத் திரும்பி வந்து கட்டைவிரலை வைத்தார். கதவு திறக்கவில்லை.

"வாடகைதாரர் வேதமூர்த்தி," என்றது பெட்டி. "சுவரில் ஈரம். மதிப்பெண் முப்பத்தொன்று. ஏழு நாள் அறிவிப்புக்குப் பதில் இல்லை. வீடு ரத்து."

அறிவிப்பு வந்துதான் இருந்தது. தட்டில் கிடந்தது.

எல்லாம் பொறுப்புமானித் திறப்பு விழா செய்த வேலை. கேமராவுக்கு முன் காட்டுகிற மாதிரி குடியிருப்பில் ஒரு வீடுகூட அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. அதனால் தன் அறைக்கே வெள்ளையடித்து, வாழைமரம் கட்டி, அதையே முதல் வீடாக்கினார். தன் விளக்கு எரிய ஒரு வாடகைதாரரின் கைரேகை வேண்டும் என்றது பெட்டி. படத்தில் வேறு எவனாவது விழுந்துவிடப் போகிறானே என்று தன் விரலையே நீட்டினார். மாலையோடு படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

தலைமையகத்துக்குப் போன் போட்டார். பொறுப்புமானியை நன்றாக நடத்துகிறார் என்று ஐந்து மணிக்கு அவரைப் பாராட்ட ஒரு குழுவே அங்கிருந்து வருகிறது.

"மிஷின் பொய் சொல்லாதுன்னு அறிக்கை எழுதினது நீங்கதானே சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள் அங்கிருந்த பெண்.

லிப்ட் ஓடவில்லை. மூன்று வருடங்களாகக் கீழே உட்கார்ந்தபடியே எல்லா மாடிகளையும் பார்வையிட்டதாகக் கையெழுத்துப் போட்ட மனிதர், முதல்முறையாகப் படியேறினார். காலி வீடுகள் மூன்றையும் கடந்து, மூச்சு வாங்க அவள் வாசலில் போய் நின்றபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. செண்பகவல்லி துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தனபாலை நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று.

"அம்மா, ஒரு கைரேகை..."

"நீங்க அதிகாரியாச்சே சார்."

"குடித்தனக்காரன்னே வச்சிக்குங்க."

"நான் வச்சிக்கிட்டு என்ன பண்றது? மிஷினுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அவர் சொன்னார். "நானும் குடித்தனக்காரன்தான். என் ரூம்லயும் ஒழுகுது."

இருவரும் விரல் வைத்தார்கள்.

"ஒரே குழாய், இரண்டு வீடு. தவறு வாரியத்தினுடையது. இரண்டு ரத்துகளும் நீக்கப்பட்டன."

செண்பகவல்லி அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். தனபாலுக்கும் கண் கலங்கியது. வேதமூர்த்தி நன்றி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் திரும்பினார். பெட்டி இன்னும் முடிக்கவில்லை.

"குழாயைப் பழுதுபார்க்காத வாரிய அலுவலர், வேதமூர்த்தி. அதே கைரேகையில் வாடகைதாரர் வேதமூர்த்தி இருக்கிறார். மதிப்பெண் கழிக்கப்பட்டது. மிச்சம் பன்னிரண்டு. வீடு ரத்து. மேல்முறையீட்டுக்குக் குடியிருப்பு அலுவலரை அவர் அறையில் நேரில் பார்க்கவும்."

கீழே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பாராட்டுக் குழு வந்துவிட்டது.

செண்பகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்து எறங்குங்க சார். மூணாவது மாடிப் படில லைட் எரியாது. நாலு தடவ எழுதிக் குடுத்திருக்கேன், உங்க தட்டுலதான் இருக்கும்."